இரண்டு பிறந்தநாள்காரன்

எங்கள் வீட்டில் மூத்தவனுக்குப் பல வருடமாக ஆண்டுக்கு இரண்டு பிறந்தநாள் இருந்தது. முதலாவது பெப்ரவரியில் வரும். பள்ளிக்கூடக் கூட்டாளிகள் வருவார்கள், பலூன் கட்டுவோம், கேக் வெட்டுவோம், பிள்ளைகள் சோபாவில் ஏறிக் குதிப்பார்கள். இரண்டாவது ஜூனில் வரும். அதற்கு ஒருவரையும் கூப்பிடுவதில்லை. நாங்கள் நாலு பேரும் பூசைக்குப் போய் ஒரு மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்து, மனைவி காய்ச்சிய பாயாசத்தைக் குடிப்போம். ஏன் இரண்டு என்று அவன் கேட்டால், "அது பள்ளிக்கூடப் பிறந்தநாள், இது கோயில் பிறந்தநாள்" என்று சொல்லிவிடுவேன். சின்ன வயதில் அவனுக்கு அது போதுமாக இருந்தது. ஒரு பிறந்தநாள் கூடுதலாகக் கிடைத்தால் எந்தப் பிள்ளை வேண்டாம் என்று சொல்லும்?

உங்கள் தமிழ் வகுப்புச் சுவரில் அவனுடைய படத்தை ஒட்டி வைத்திருக்கிறீர்கள். றக்பி உடுப்போடு, பந்தை இரண்டு கையாலும் பிடித்தபடி நிற்கிற படம். எங்கள் ஆள் ஒருவர் எப்படித் தொழில்முறை றக்பிக்குப் போனார் என்று பிள்ளைகளுக்கு எழுதித் தரச் சொல்லி உங்கள் ஆசிரியை கேட்டார். நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். எழுத்துப் பிழை இருந்தால் திருத்துங்கள். நடந்ததை மட்டும் முழுதாகச் சொல்கிறேன், எனக்கு வெட்கமான பகுதியையும் சேர்த்து.

அந்த இரண்டு பிறந்தநாளில் இருந்துதான் தொடங்க வேண்டும்.

மன்னாரில் சண்டை நடந்த காலத்தில் நான் முதலில் லண்டனுக்கு வந்துவிட்டேன். மனைவியும் கைக்குழந்தையும் அங்கே. ஒரு வருடம் போன பிறகு ஒரு ஏஜென்ட் அவர்களைக் கூட்டிவந்தார், வேறொரு தாயினதும் மகனினதும் பாஸ்போர்ட்டில். அந்த மகன் எங்கள் மகனைவிட ஒரு வருடமும் நாலு மாதமும் மூத்தவன்.

"பிள்ளை சின்னனா இருக்கெண்டு கேட்டா, சாப்பிடுறானில்லை எண்டு சொல்லுங்கோ அக்கா," என்று ஏஜென்ட் மனைவிக்குச் சொல்லிக் கொடுத்தாராம். விமான நிலையத்தில் அதிகாரி அதையேதான் கேட்டார். மனைவியும் அதையேதான் சொன்னாள். அவர் பிள்ளையைப் பார்த்துப் பாவப்பட்டு, தன் மேசை லாச்சியில் இருந்து ஒரு பிஸ்கட் எடுத்துக் கொடுத்தாராம்.

பெயர்களைப் பிறகு சரியாகச் சொல்லிவிட்டோம். யார், எங்கிருந்து வந்தோம், ஏன் வந்தோம் என்பதையும் உண்மையாகச் சொன்னோம். மகனுடைய பிறந்த திகதி மட்டும் அந்தப் பாஸ்போர்ட்டில் இருந்தபடியே எங்கள் குடிவரவுப் பத்திரத்தில் ஏறிவிட்டது. அப்போது லண்டன் எட்மண்டனில் ஒரே வீட்டில் மூன்று குடும்பமாக இருந்தோம். அங்கே எல்லாரும் ஒரே பாட்டு: "இப்ப திகதியை மாத்தப் போனா எல்லாத்தையும் கிளறுவாங்கள். பேசாம விடு." நானும் பேசாமல் விட்டேன்.

பேசாமல் விட்டது முதலில் தராசில் தெரிந்தது. கிளினிக்கில் தாதி பிள்ளையை நிறுத்து ஒரு வரைபடத்தில் புள்ளி போட்டார். புள்ளி கோட்டுக்கு நன்றாகக் கீழே விழுந்தது. மூன்று வயதுப் பிள்ளைக்கு இந்த நிறை போதவே போதாது என்றார். உண்மையில் ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு அது நல்ல நிறை. ஆனால் வாயைத் திறக்க முடியுமா? அவர் சத்து மருந்து எழுதித் தந்தார். மனைவி அந்தக் கோட்டை எட்டிப் பிடிக்கிறேன் என்று முட்டை, மீன், உளுத்தங்களி, பால் என்று பிள்ளைக்கு ஊட்டத் தொடங்கினாள். தன்னைவிட மூத்த பிள்ளையின் சாப்பாட்டை அவன் பல வருடம் சாப்பிட்டான். உயரத்தை ஊட்ட முடியவில்லை. ஆனால் கழுத்தும் தோளும் பனங்குற்றி மாதிரி வந்தன.

பள்ளிக்கூடத்திலும் அவன் எப்போதும் தன் உண்மை வயதுக்கு ஒரு வகுப்பு மேலேயே இருந்தான். வகுப்புப் படத்தில் முன்வரிசை, ஓரம், ஆகச் சின்னவன். உயர்பாடசாலைக்குப் போய் இரண்டாம் வருடம், அங்கே உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்த வேல்ஸ் நாட்டுப் பெண் அவனை றக்பிக்கு எடுத்தார். நான் ஆச்சரியப்பட்டு, ஏன் இந்தச் சின்னவனை எடுத்தீர்கள் என்று கேட்டேன். "மற்றவர்கள் விழுந்தால் யார் தள்ளியது என்று பார்க்கிறார்கள். இவன் விழுந்தால் பந்து எங்கே என்று பார்க்கிறான்," என்றார்.

றக்பி தெரியாத பிள்ளைகளுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு பக்கம் பதினைந்து பேர். பந்து முட்டை வடிவம். அதைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடலாம், ஆனால் கையால் முன்னுக்கு எறியக் கூடாது, பின்னுக்குத்தான் எறியலாம். எதிர்ப்பக்கத்தின் கடைசிக் கோட்டுக்கு அப்பால் பந்தை நிலத்தில் வைத்தால் ஐந்து புள்ளி. பந்து வைத்திருக்கிறவனைப் பிடித்து விழுத்துவார்கள், அவன்மேல் எல்லாரும் வந்து குவிவார்கள். அந்தக் குவியலின் அடியில் இருந்து பந்தை எடுத்து அடுத்தவனுக்கு அனுப்புவது ஒருவனுடைய வேலை. ஒன்பதாம் இலக்கச் சேர்ட் அவனுக்கு. என் மகனுக்குக் கிடைத்தது அந்த ஒன்பது.

நான் அப்போது ஒரு சலவை நிலையத்தில் வேலை. ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகளைத் தோய்த்து அழுத்திக் கொடுப்போம். ஒரு சனிக்கிழமை ஷிப்ட் முடிந்து நேராக மைதானத்துக்குப் போனேன். நான் போய்ச் சேரவும், என் மகன்மேல் எட்டுப் பேர் கிடக்கவும் சரியாக இருந்தது. எனக்கு விசர் பிடித்த மாதிரி ஆகிவிட்டது.

"எழும்புங்கோடா! பிள்ளையை விட்டிட்டு எழும்புங்கோடா!" என்று கோட்டுக்குள் ஓடிவிட்டேன். நடுவர் விசில் ஊதி என்னைத்தான் வெளியே அனுப்பினார்.

வீட்டுக்கு வரும்போது பஸ்ஸில் மகன் எனக்குப் பக்கத்தில் இருக்கவில்லை. இரண்டு சீட் தள்ளி இருந்தான். இறங்கிய பிறகுதான் வாய் திறந்தான்.

"அப்பா, நீங்க கத்தினது ஒருத்தருக்கும் விளங்கேல்ல. அதால தப்பினன்."

"உனக்கு நோகேல்லயோ?"

"நொந்துது. ஆனா பந்து என்னட்டத்தானே இருந்துது."

அந்த அவமானத்தைக் கழுவ எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். குழுவின் சேர்ட்டுகளைத் தோய்க்கும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். மற்றப் பெற்றோர் சுடுதண்ணீரில் போட்டு மண்கறையைத் துணியிலேயே பிடிக்கவைத்திருந்தார்கள். மண்ணுக்கு முதலில் பச்சைத் தண்ணீர், பிறகுதான் சவர்க்காரம், கடைசியில்தான் சூடு. இரண்டு கிழமையில் எங்கள் பிள்ளைகள் புதுச் சேர்ட் போட்டவர்கள் மாதிரி இறங்கினார்கள். அதன் பிறகு கோட்டுக்கு வெளியே எனக்குத் தேத்தண்ணீர் தராத தகப்பன் இல்லை.

இங்கிலாந்து றக்பி உலகக் கிண்ணம் வென்ற அந்த மாரிகாலத்தில், ஒரு தொழில்முறைக் கழகம் தன்னுடைய இளையோர் பயிற்சிக்கு மகனை எடுத்தது. கிழமையில் இரண்டு நாள் பாடசாலை முடிய இரண்டு பஸ் மாறிப் போவான். எங்கள் தெருவில் அப்படி ஒருவரும் போனதில்லை. மனைவி பஸ்ஸில் சாப்பிட ரொட்டிக்குள் மீன் வைத்துக் கொடுப்பாள். "அம்மா, பஸ் முழுக்க என்னையே பாக்குது" என்பான். அதற்காகச் சாப்பிடாமல் விட்டதில்லை.

ஆனால் எனக்கு ஒன்று தெரியும், தோய்க்கிறவனுக்கு மட்டும் தெரிவது. மற்றப் பிள்ளைகளின் சேர்ட் அளவு ஆறு மாதத்துக்கு ஒரு தரம் கூடியது. நடுத்தரம் பெரிதானது, பெரிது மிகப் பெரிதானது. ஒன்பதாம் இலக்கச் சேர்ட் மட்டும் இரண்டு வருடமாக அதே சின்னது. அதைக் கொடியில் ஒருவர் கண்ணிலும் படாத ஓரத்தில் போடுவேன்.

பத்திரத்தின்படி அவனுக்குப் பதினாறு. அந்த வசந்தத்தில் கழகத்தின் கடிதம் வந்தது. திறமை இருக்கிறது, தைரியம் இருக்கிறது, ஆனால் இந்த வயதில் இருக்கவேண்டிய உடல் வளர்ச்சி இல்லை, அதனால் அடுத்த வருடம் வைத்திருக்க முடியாது என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள். மகன் வாசித்துவிட்டு மேசையில் வைத்தான். அழவில்லை. சப்பாத்தை எடுத்துக்கொண்டு பின்வளவுக்குப் போய்விட்டான்.

மனைவி அடுப்படிக் கதவைச் சாத்தினாள்.

"பதினாறு வயசுக்கு வளர்ச்சி காணாதாம். பதினஞ்சே இன்னும் நிரம்பேல்ல என்ர பிள்ளைக்கு."

"மெல்லக் கதையும். கேக்கப்போகுது."

"கேக்கட்டும்! அண்டைக்கு அந்த ஒபிசருக்குப் பொய் சொன்னது நான். அது பயத்தில சொன்னது. இண்டுவரைக்கும் அதைத் திருத்தாம வைச்சிருக்கிறது நீங்கள்."

"திருத்தப்போய் விசாவில கை வைச்சாங்களெண்டா? நாலு பேரும் எங்க போறது?"

"வைப்பாங்களோ எண்டு ஆரிட்டயாவது கேட்டனீங்களோ? பதின்மூண்டு வருஷமா ஒருத்தரிட்டயும் கேக்காமலே பயந்துகொண்டிருக்கிறியள்."

பின்வளவுக்குப் போனேன். மகன் கரண்டிக் காம்பால் சப்பாத்து அடியில் இருந்த மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தான். துப்புரவாக்கி யாருக்காவது கொடுக்கப் போகிறானாம். பக்கத்தில் குந்தி இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். பாஸ்போர்ட், பிஸ்கட், கிளினிக், கோயில் பிறந்தநாள். சொல்லி முடிக்கும்வரை அவன் சுரண்டுவதை நிறுத்தவில்லை.

"அப்ப ஜூன்தான் உண்மையானதா?"

"ஓம்."

"ஏன் எனக்குச் சொல்லேல்ல?"

"பயம், மகன்."

அவன் எழும்பி உள்ளே போய்விட்டான். அடுத்த நாள் முழுக்க, நான் வந்தால் அவன் வேறு அறைக்குப் போனான். அதைவிட அவன் ஏசியிருக்கலாம். அதற்கடுத்த நாள் காலை நான் வேலைக்குச் சப்பாத்துப் போடும்போது படியில் வந்து நின்றான்.

"அப்பா, என்னை விழுத்தினவங்கள் எல்லாரும் என்னைவிட ஒண்டரை வருஷம் பெரிய ஆக்களா?"

"சில பேர் அவ்வளவு இருக்கும்."

"ஆனா நான் பந்தை விடேல்ல என்ன?"

"ஒரு நாளும் விடேல்ல."

அவன் முகத்தில் சிரிப்பு வந்தது. அவனுக்கு அது வந்த பிறகு எனக்குப் பயப்பட நேரமில்லாமல் போய்விட்டது.

அன்றைக்கே இருவரும் கழகத்துக்குப் போனோம். பயிற்சியாளர் கதவு நிறைய நிற்கிற மனுசன். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். "ஒவ்வொரு வருடமும் யாராவது ஒரு தகப்பன் வந்து, என் மகனுக்கு உண்மையில் வயது குறைவு என்று சொல்கிறார். அவர்கள் எல்லாம் கடிதம் வர முன்னமே வருவார்கள். பிந்தி வந்தவர் நீங்கள்தான்." பிறகு மகனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அரசாங்கம் ஒத்துக்கொண்ட பத்திரம் கொண்டுவாருங்கள். செப்டம்பரில் பயிற்சி தொடங்க முன்னம் வந்தால், தன் உண்மையான வயதுக் குழுவோடு அவனை மறுபடி பார்க்கிறேன். பிந்தினால் இடம் இல்லை."

இல்ஃபோர்டில் ஒரு தமிழ்ச் சட்டத்தரணி இருந்தார். என்னைவிட வயதில் குறைந்தவர், யாழ்ப்பாணத்துப் பெண். நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டே போனவர், ஓரிடத்தில் பேனையை வைத்தார்.

"அண்ணை, எழுதிறதெண்டா முழுக்க எழுதோணும். அரைவாசி எழுதினா நான் கை வைக்க மாட்டன்."

"விசாவுக்கு ஒண்டும் வராதே, தங்கச்சி?"

"சத்தியம் பண்ணித் தரேலாது. ஆனா மற்றதெல்லாம் நீங்கள் உண்மையாச் சொல்லியிருக்கிறியள். தாயும் பிள்ளையும் உயிர் தப்பி வந்த கதைதானே இது. சரி, ஆதாரம் என்ன இருக்கு?"

பிறப்புப் பதிவு இல்லை. அவன் பிறந்த நேரம் பதிவுக் கந்தோர் பூட்டிக் கிடந்தது. ஆனால் பிறந்து ஒன்பதாம் நாள் ஞானஸ்நானம் கொடுத்தோம், அது கோயில் பதிவேட்டில் ஏறியிருக்க வேண்டும். பதிவேடு இருக்கிறதா, எரிந்ததா, தெரியாது. மன்னாரில் இருந்த பங்குச் சுவாமிக்குக் கடிதம் போட்டேன். அவன் அந்த ஜூனில் உண்மையாகவே பதினைந்தை நிரப்பினான். அந்த முறை மெழுகுதிரியை அவனே கொளுத்தினான்.

ஜூலை கடைசியில் பதில் வந்தது. சனம் ஓடிய நேரம் பதிவேட்டை அரிசி மூட்டைக்குள் வைத்து மூன்று ஊர் கொண்டு திரிந்தார்களாம். ஓரங்களைத் தண்ணீர் தின்றிருக்கிறது, எங்கள் வரி தப்பியிருக்கிறது என்று சுவாமி எழுதியிருந்தார். முத்திரை குத்திய பிரதியில் பிறந்த திகதி, தாய், தகப்பன் எல்லாம் இருந்தது. ஞானத்தாயின் பெயர் மட்டும் நனைந்து அழிந்துவிட்டது.

"அவ எந்த நாளும் குடை கொண்டு போறேல்லத்தானே," என்றாள் மனைவி. பல மாதத்துக்குப் பிறகு அந்த வீட்டில் நாலு பேரும் சேர்ந்து சிரித்தோம்.

அந்தப் பிரதியும் எங்கள் சத்தியக்கடதாசியும் குடிவரவு அலுவலகத்துக்குப் போயின. ஆகஸ்ட் முழுக்க நான் தபால்காரர் வரும் நேரம் பார்த்து ஜன்னலுக்குப் போவேன். கடைசிக் கிழமை பழுப்பு உறை ஒன்று வந்தது. எனக்குத் திறக்க ஏலவில்லை. மகள்தான் கிழித்து வாசித்தாள். அவள் இங்கே பிறந்தவள், அண்ணனுக்கு நாலு வயது இளையவள் என்று அந்த வருடம்வரை நினைத்திருந்தவள்.

"மாத்திட்டாங்கள்! திகதியை மாத்திட்டாங்கள்!"

"வேறென்ன எழுதியிருக்கு? வடிவாப் பார்."

"வேற ஒண்டுமே இல்லை அப்பா. ஒரு பக்கம்தான்." பிறகு கடிதத்துக்கு மேலால் அண்ணனைப் பார்த்தாள். "டேய், அப்ப உனக்கும் எனக்கும் மூண்டு வருஷம்கூட இல்லை. இனி உன்னை அண்ணா எண்டு கூப்பிடேலாது."

"கூப்பிடாட்டி ஹோம்வேர்க் செய்து தர மாட்டன்."

"கார் லைசென்ஸும் ஒரு வருஷம் தள்ளிப் போச்சு! பேபிக்கு பஸ்தான்!"

அவன் அவளை மைதானத்தில் பிடித்து விழுத்துகிற மாதிரியே தூக்கிச் சோபாவில் போட்டான். மனைவி கடிதத்தை வாங்கி, மாதா சுரூபத்துக்குக் கீழே வைத்துவிட்டு, பாயாசத்துக்குச் சட்டி வைத்தாள். ஆகஸ்டில் பாயாசம் குடித்தது அந்த ஒரு முறைதான்.

செப்டம்பரில் அவன் தன்னுடைய வயதுப் பிள்ளைகளோடு முதன்முதல் இறங்கினான். கோட்டுக்கு வெளியே நின்ற எனக்கு அவனைத் தேடிப் பிடிக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. நான் வழக்கம்போல ஆகச் சின்னவனைத் தேடிக்கொண்டிருந்தேன். அவன் நடுத்தர உயரத்தில், மற்றவர்களோடு ஒருவனாக நின்றான். விசில் ஊதிய பிறகுதான் வித்தியாசம் தெரிந்தது. இத்தனை வருடமும் பெரியவர்களின் கால்களுக்கு இடையில் பந்து எடுத்துப் பழகிய பிள்ளைக்கு இது விளையாட்டாக இருந்தது. குவியலுக்குள் கை போவதும் பந்து வெளியே பறப்பதும் ஒன்றாக நடந்தன. பிடிக்க வந்தவர்கள் அந்தப் பனங்குற்றித் தோளில் பட்டு விலகினார்கள். பயிற்சியாளர் என் பக்கம் திரும்பவில்லை. மைதானத்தைப் பார்த்தபடியே, "அந்தப் பத்திரத்துக்கு நன்றி," என்றார்.

அடுத்த மாரிக்குள் ஒன்பதாம் இலக்கச் சேர்ட் நடுத்தரமானது. அதற்கடுத்த வருடம் பெரிதானது. அதைக் கொடியில் போட்ட அன்று, ஒருவரும் பார்க்கவில்லை என்று நினைத்து, கைகளை விரித்து அளந்து பார்த்தேன். மகள் மேல் ஜன்னலில் இருந்து பார்த்துச் சிரித்துவிட்டாள். மகன் இளையோர் குழுவுக்குத் தலைவனானான். பதினெட்டு நிரம்பிய கிழமை கழகம் அவனிடம் ஒப்பந்தப் பத்திரத்தை நீட்டியது. பிறந்த திகதி எழுதும் பெட்டி வந்ததும் பேனையை ஒரு கணம் நிறுத்தி என்னைப் பார்த்தான். பிறகு ஜூன் திகதியை எழுதினான்.

பெரிய குழுவுக்கு அவன் முதன்முதல் இறங்கியது ஒரு குளிர்கால மத்தியானம். நாங்கள் மூன்று பேரும் ஊர்ப் பயணம் போகிற மாதிரி சாப்பாட்டுப் பையோடு போனோம். வாசலில் விற்ற ஆட்டப் புத்தகத்தில் ஒவ்வொரு வீரருக்கும் உயரம், நிறை, பிறந்த திகதி போட்டிருந்தார்கள். மனைவி அவனுடைய வரியைத் தேடிப் பிடித்து, அதன்மேல் விரலை வைத்தபடியே இருந்தாள். ஆட்டம் தொடங்கியும் விரலை எடுக்கவில்லை.

கடைசிப் பதினைந்து நிமிடம் இருக்கும்போது அவனை இறக்கினார்கள். எங்கள் பக்கம் நாலு புள்ளி பின்னுக்கு. எதிர்க்குழுவின் கோட்டுக்குக் கிட்ட ஒரு பெரிய குவியல். மைதானம் முழுக்க அவன் பந்தை வெளியே எறிவான் என்று பார்த்தது. எறிகிற மாதிரிக் கையை வீசினான், எதிர்ப்பக்கம் முழுக்க அந்தக் கைக்குப் பின்னால் ஓடியது, இவன் பந்தோடு குனிந்து அவர்களுக்கு நடுவால் போய்க் கோட்டுக்கு அப்பால் விழுந்தான். ஐந்து புள்ளி. அவன்மேல் பதினாலு பேரும் விழுந்தார்கள்.

நான் எழும்பிக் கத்தினேன். இந்த முறை எழும்பச் சொல்லிக் கத்தவில்லை.

"கிடவுங்கோடா! நல்லாக் கிடவுங்கோ!"

அந்த ஒரு புள்ளியோடு வென்றார்கள்.

பிள்ளைகளே, உங்கள் பத்திரத்தில் ஏதாவது பிழை இருந்தால் அப்பா அம்மாவிடம் கேளுங்கள். அவர்கள் பயப்பட்டால் தெரிந்த ஒருவரிடம் போய்க் கேட்கச் சொல்லுங்கள். நான் கேட்காமல் இருந்தது பதின்மூன்று வருடம். பதில் வந்தது ஒரே ஒரு பக்கம்.

இப்போது எங்கள் வீட்டில் ஒரு பிறந்தநாள்தான். அந்த ஆட்டத்துக்குப் பிறகு வந்த ஜூனில் குழுவில் ஏழு பேர் வீட்டுக்கு வந்தார்கள். எங்கள் வரவேற்பறை அந்த ஆட்களுக்குக் காணாது. பாயாசத்தைக் கோப்பை கோப்பையாகக் குடித்துவிட்டு, சட்டியின் அடியைச் சுரண்டத் தந்தாலும் போதும் என்றார்கள். பாட்டுப் போட்டதும் இரண்டு பேர் சோபாவில் ஏறிக் குதித்தார்கள். சோபாவின் ஒரு கால் முறிந்தது. மகன் என் முகத்தைப் பார்த்தான்.

"குதிக்கட்டும் விடு," என்றேன். "பிறந்தநாள் வீடுதானே."